சூப்பில் மிஞ்சுவது என்ன? ஆஸிலேட்டர்களைப் பிரித்து அடையாளம் காணும் நிரல்: செய்முறைப் பதிவு

கணிதவியலாளர் ஜான் கான்வேயின் கேம் ஆஃப் லைஃப் 1970 அக்டோபரில், சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தி வழியாக வெளியுலகுக்குத் தெரிய வந்தது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமும் உயிரோடோ காலியாகவோ இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் அடுத்த தலைமுறைக்கு மாறும். இந்த விளையாட்டின் விதி ஒரு வரிதான். உயிருள்ள கட்டத்தைச் சுற்றி 2 அல்லது 3 உயிர்கள் இருந்தால் அது பிழைக்கும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 உயிர்கள் இருந்தால் அங்கே புதிய உயிர் பிறக்கும். சுருக்கமாக பி3/எஸ்23 (பி பிறப்பு, எஸ் பிழைப்பு). ஒரு சதுரத்தைத் தாறுமாறாக நிரப்பி இந்த விதியில் ஓடவிட்டால் கொஞ்ச நேரம் கொந்தளித்துவிட்டு அடங்கும். இப்படி நிரப்பியதைத்தான் சூப் என்பார்கள். அடங்கிய பிறகு சில உருவங்கள் அசையாமல் கிடக்கும். சில துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பவைதான் ஆஸிலேட்டர்கள்.

எது துடிக்கிறது, எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வருகிறது (அதன் அலைவுக்காலம்), அதற்கு என்ன பெயர்: இந்த மூன்றையும் தானே சொல்லும் நிரல் ஒன்றை பைத்தானில் எழுதினேன். இதற்கென்றே கோலி என்ற மென்பொருள் இருக்கிறது, ஆடம் கௌச்சர் எழுதிய ஏபிஜிசர்ச் என்ற தேடல் நிரல் இருக்கிறது, அவர் 2015இல் தொடங்கிய கேட்டகோலூ என்ற பெரிய பட்டியலும் இருக்கிறது. வெறும் தேடலுக்கு அவையே போதும், வேகத்தில் என் நிரல் அவற்றுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஓர் உருவத்தை 'ஒன்று' என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைக் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். முழு வேலையில் அந்த ஒரு கேள்விதான் கனமானது, மற்றதெல்லாம் சாதாரணம்.

முதலில் ஓட்டும் பகுதி. பைத்தானின் நம்பை நூலகத்தில் எண் அணி ஒன்றை எட்டுத் திசையிலும் ஒவ்வொரு கட்டம் நகர்த்தி, எட்டையும் கூட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்டை எண்ணிக்கை கிடைத்துவிடும். அதன்மேல் விதியை வைத்தால் அடுத்த தலைமுறை. பத்து வரிகூட வராது. இங்கே யோசிக்க வேண்டியது ஓரத்தைப் பற்றி மட்டும்தான். இடது ஓரத்தை வலது ஓரத்தோடு ஒட்டி வளையமாக்கினால் எழுதுவது எளிது, ஆனால் கிளைடர் என்ற நகரும் உருவம் கணக்கைக் கெடுத்துவிடும். அது 4 தலைமுறைக்கு ஒருமுறை குறுக்காக ஒரு கட்டம் நகரும். 64க்கு 64 வளையத்தில் 256 தலைமுறையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நிரல் உடனே 'அலைவுக்காலம் 256' என்று அறிவிக்கும். பெரிய எண்ணைப் பார்த்ததும் மனம் துள்ளும், உண்மையில் அங்கே ஒரு கிளைடர் சுற்றி வருவதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் வளையத்தை விட்டுவிட்டு, அகலமான காலி மைதானத்தின் நடுவில் 16க்கு 16 சூப்பை வைத்து, ஓரத்துக்கு வெளியே எல்லாம் எப்போதும் காலி என்று வைத்துக்கொண்டேன். ஓரத்தில் முட்டும் கிளைடர் அங்கேயே நான்கு கட்டச் சதுரமாக உறைந்துவிடும். அதை பிளாக் என்பார்கள். அதனால் தொந்தரவு இல்லை.

அடுத்தது, நிலை திரும்பி வருகிறதா என்று கண்டுபிடிப்பது. உயிர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்று தோன்றும், போதாது. பிளிங்க்கர் என்னும் மூன்று கட்டக் கோடு கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் மாறி மாறி நிற்கும். எண்ணிக்கை எப்போதும் 3தான். டோட் என்ற உருவம் இரண்டு வெவ்வேறு வடிவங்களுக்கு இடையே மாறும், இரண்டிலும் 6தான். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இரண்டுமே அசையாத உருவங்களின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே முழு மைதானத்தையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தலைமுறையையும் சேமித்து வைத்து ஒப்பிடலாம், நினைவகம் வீணாகும். கணிதவியலாளர் ரிச்சர்ட் பிரென்ட் 1980இல் சொன்ன முறை இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொள்வது. 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் தலைமுறைகளில் பழைய பிரதியை எறிந்துவிட்டு அன்றைய நிலையைப் பிரதி எடுப்பது. இடையில் வரும் ஒவ்வொரு தலைமுறையையும் அந்தப் பிரதியோடு மட்டும் ஒப்பிடுவது. முதன்முறை இரண்டும் ஒன்றாகும்போது, இடைப்பட்ட தலைமுறைகளின் எண்ணிக்கைதான் அலைவுக்காலம். சூப் இன்னும் கொந்தளிக்கும்போது எடுத்த பிரதி எதோடும் பொருந்தாது, அடுத்த இரட்டிப்பில் தானாகவே தூக்கி எறியப்படும். எங்கே கொந்தளிப்பு முடிந்தது என்று நாம் ஊகிக்கவே வேண்டாம். இதை எழுதி ஓடவிட்ட அன்று மனசு நிறைந்திருந்தது.

எத்தனை தலைமுறை வரை காத்திருப்பது என்ற கேள்விக்கு, ஐந்தே கட்டங்களில் தொடங்கும் ஆர்-பென்டோமினோவை நினைத்துக்கொண்டால் போதும். அது அடங்க 1103 தலைமுறை எடுத்துக்கொள்கிறது. நான் தாராளமாக 32,768 வரை விட்டேன்.

நிரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நேர்க்கோடுகளை ஓடவிட்டேன். கான்வேயின் குழு ஆரம்பத்திலேயே கையால் ஆராய்ந்தவை இவை, விடை எல்லோருக்கும் தெரியும். 3 கட்டக் கோடு பிளிங்க்கர். 4 தேன்கூடு என்ற அசையாத உருவம். 5 கட்டக் கோடு நான்கு பிளிங்க்கர்களாகப் பிரியும், அந்தக் கூட்டத்துக்கு டிராஃபிக் லைட் என்று பெயர். 6 அழிந்துவிடும். 7 நான்கு தேன்கூடுகள். 10 கட்டக் கோடு மட்டும் பென்டாடெக்கத்லான் என்ற ஆஸிலேட்டர் ஆகும். அலைவுக்காலம் 15! இத்தனை சாதாரணமான தொடக்கத்திலிருந்து 15 வருவது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். சோதனைக்கும் இது ரொம்ப நல்லது, அண்டை எண்ணிக்கையில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் 15 வராது.

சரி, இனிதான் உண்மையான வேலை. சூப் அடங்கியதும் நிரல் 'அலைவுக்காலம் 6' என்கிறது. அங்கே அலைவுக்காலம் 6 உள்ள ஆஸிலேட்டர் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஒரு மூலையில் 2 தலைமுறைக்கு ஒருமுறை துடிக்கும் பிளிங்க்கர், இன்னொரு மூலையில் 3 தலைமுறைக்கு ஒருமுறை துடிக்கும் பல்சர், இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 6. ஆகவே மைதானத்தைத் தனித்தனி உருவங்களாகப் பிரிக்க வேண்டும்.

ஒட்டியிருக்கும் உயிர்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் முதலில் தோன்றும் வழி. எட்டுத் திசையில் எதிலாவது தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே உருவம். இந்த வழி எங்கே உடைகிறது என்று பார்க்க பீக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு நிலைகள். ஒன்றில் 8 உயிர்கள், மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பிளாக்குகள். மற்றொன்றில் 6 உயிர்கள், தொட்ட அந்த இரு மூலைகளும் அணைந்திருக்கும். இந்த 6 உயிர் நிலையில் பிரித்தால் மூன்று கட்டம் கொண்ட இரண்டு துண்டுகள் தனித்தனியாக வரும். ஒவ்வொன்றையும் தனியே ஓடவிட்டால் நான்காவது மூலை பிறந்து பிளாக்காகி அப்படியே நின்றுவிடும். கண்முன் துடித்துக்கொண்டிருந்த ஆஸிலேட்டர் பட்டியலில் 'இரண்டு பிளாக்குகள்' என்று பதிவாகும். பல்சரின் கதி இன்னும் மோசம். அதன் 48 உயிர் நிலையில் இந்த வழி அதைப் பன்னிரண்டு துண்டாக்கிவிடும். அதில் எட்டு, தனியே விட்டால் வெறும் பிளிங்க்கர்கள்.

பீக்கனுக்குத் தீர்வு எளிது. ஒரு நிலையை மட்டும் பார்க்காமல், முழுச் சுழற்சியிலும் எப்போதாவது உயிரோடு இருந்த கட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தடம் எடுக்க வேண்டும். அந்தத் தடத்தில் ஒட்டியிருப்பவை ஒரே உருவம். பீக்கனின் தடத்தில் எட்டுக் கட்டங்களும் இருக்கும், நடுவில் மூலைகள் தொட்டுக்கொள்ளும், உருவம் ஒன்றாகிவிடும்.

பல்சருக்கு இது போதவில்லை, இந்த இடத்தில்தான் நான் நிறைய நேரம் செலவிட்டேன். பல்சரின் மூன்று நிலைகளிலும் முறையே 48, 56, 72 உயிர்கள். மூன்றையும் அடுக்கிப் பார்த்தாலும் நடுவில் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் காலியாகவே இருக்கும். தடம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்தே நிற்கிறது. காரணம் சமச்சீர். நடுப்பத்தியில் உள்ள எந்தக் கட்டத்துக்கும் இடப்பக்கம் எத்தனை அண்டை உயிரோ, வலப்பக்கமும் அத்தனையே. நடுப்பத்தி காலியாக இருக்கும்வரை கூட்டுத்தொகை இரட்டைப்படை எண்ணாகத்தான் இருக்க முடியும். 3 ஒற்றைப்படை எண். ஆகவே அங்கே ஒருபோதும் எதுவும் பிறக்காது. ஒருமுறை காலியானால் என்றென்றைக்கும் காலி.

அப்படியானால் நான்கு கால்பகுதிகளும் நான்கு தனி உருவங்களா? இல்லை. 48 உயிர் நிலையில் நடுப்பத்திக்கு இருபுறமும் மூன்று கட்டக் கோடுகள் நேருக்கு நேர் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள காலிக் கட்டத்துக்கு 6 அண்டைகள், அதனால் பிறப்பு இல்லை. ஒரு பக்கத்தை அழித்துவிட்டுப் பாருங்கள், அதே கட்டத்துக்கு 3 அண்டைகள், உடனே உயிர் பிறக்கும், அந்தக் கால்பகுதியின் துடிப்பு கலைந்துவிடும். தொடாமலே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நடுவில் இருக்கும் வெறுமையைக் காலியாக வைத்திருப்பதும் உருவத்தின் வேலைதான். அதைத் தடம் பிடிக்காது.

இதற்கு ஒரே நேர்மையான சோதனை, பிரித்து ஓட்டிப் பார்ப்பது. தடத்தில் கிடைத்த துண்டுகளில், ஒன்றிலிருந்து ஒன்று இரண்டு கட்டத் தூரத்துக்குள் இருப்பவை எதாவது ஒரு பொது அண்டைக் கட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். அவைதான் சந்தேகத்துக்குரியவை. அதைவிடத் தள்ளி இருப்பவை ஒன்றையொன்று பாதிக்கவே முடியாது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு துண்டையும் காலி மைதானத்தில் தனியே வைத்து முழுச் சுழற்சி ஓட்ட வேண்டும். பிறகு தனித்தனி ஓட்டங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அசல் ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாத் தலைமுறையிலும் பொருந்தினால் அவை வேறு வேறு. ஒரு கட்டம் பிசகினாலும் அவை ஒன்றே.

டிராஃபிக் லைட்டை இந்தச் சோதனையில் விட்டுப் பார்த்தேன். அதன் நான்கு பிளிங்க்கர்களும் இரண்டு கட்டத் தூரத்தில்தான் நிற்கின்றன, பார்த்தால் பல்சர் போலவே ஒரே குடும்பமாகத் தோன்றும். ஆனால் அவை பகிரும் காலிக் கட்டங்களுக்கு 2 அண்டைகள் மட்டுமே, பிறப்புக்குப் போதாது. தனித்தனியே ஓட்டி அடுக்கினாலும் அசல் அப்படியே வருகிறது. தீர்ப்பு: நான்கு பிளிங்க்கர்கள். பல்சர் முதல் தலைமுறையிலேயே பிசகியது. தீர்ப்பு: ஓர் உருவம். இரண்டு தீர்ப்பும் அடுத்தடுத்த வரிகளில் திரையில் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். தூரத்தை வைத்து எந்த எல்லைக்கோடு போட்டாலும் இந்த இரண்டையும் ஒருசேரச் சரியாகச் சொல்ல முடியாது. நடத்தையை வைத்துத்தான் முடியும்.

உருவம் கையில் வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக அலைவுக்காலம் கணக்கிட வேண்டும். 2இல் துடிக்கும் பகுதியும் 3இல் துடிக்கும் பகுதியும் அசையாத ஒரு நடுத்துண்டைப் பகிர்ந்துகொண்டால், உருவம் ஒன்றுதான், அலைவுக்காலமும் 6தான், ஆனால் 6இல் துடிக்கும் கட்டம் ஒன்றுகூட இருக்காது. இப்படிப்பட்டவற்றை அலைவுக்காலம் 6 கணக்கில் சேர்ப்பதில்லை. குறைந்தது ஒரு கட்டமாவது முழு அலைவுக்காலத்தில் துடிக்க வேண்டும். இது கறாரான விதி, சரியான விதியும்கூட. இல்லாவிட்டால் இரண்டு சிறியவற்றை ஒட்டவைத்துப் பெரிய எண்களை இஷ்டத்துக்கு உருவாக்கிக்கொள்ளலாம், தேடலுக்கே பொருள் இருக்காது.

எல்லா முழு எண்ணுக்கும் உண்மையான ஆஸிலேட்டர் உண்டா என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் திறந்தே கிடந்ததற்கு இந்தக் கறார்தான் காரணம். டேவிட் பக்கிங்காம் 1996இல் 61 முதல் மேலே உள்ள எல்லா அலைவுக்காலத்துக்கும் ஒரு பொது வழியைக் காட்டினார். 2013இல் மைக் பிளேல் கண்டுபிடித்த ஸ்நார்க் என்ற, கிளைடரைத் திருப்பிவிடும் அமைப்பு அந்த எல்லையை 43க்கு இறக்கியது. அதற்குக் கீழே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியாக மிஞ்சியவை 19, 41. இரண்டும் 2023இல் கிடைத்தன. பட்டியலில் இப்போது ஓட்டையே இல்லை. என் நிரல் போன்ற சூப் தேடலில் 19 வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்கான தேடல் முறைகளே வேறு.

கட்டம் கட்டமாக அலைவுக்காலம் எடுக்கும்போது இன்னொரு தகவலும் இலவசமாகக் கிடைக்கிறது. சுழற்சி முழுதும் உயிரோடு இருப்பவை ஸ்டேட்டர், மாறுபவை ரோட்டர். பீக்கனில் 8 கட்டங்களில் 2 மட்டுமே ரோட்டர். பிளிங்க்கரில் 5க்கு 4, டோட்டில் 10க்கு 8. துடிப்பின் வீரியத்தை இந்த விகிதம் சொல்லிவிடும். பீக்கனுக்கு 0.25, மற்ற இரண்டுக்கும் 0.8. திரையில் ஸ்டேட்டரை ஒரு நிறத்திலும் ரோட்டரை அலைவுக்காலத்துக்கு ஒரு நிறத்திலும் வரைந்தேன். உருவங்களைக் கண்ணால் அடையாளம் காண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பெயர். ஒரே உருவம் எந்த நிலையில், எந்தத் திசையில், எந்தப் பக்கம் திரும்பி அகப்பட்டாலும் ஒரே பெயர் வர வேண்டும். சுழற்சியின் ஒவ்வொரு நிலையையும் எட்டு விதமாகத் திருப்பிப் புரட்டி, ஒவ்வொன்றையும் எழுத்துச் சரமாக்கி, அதில் மிகக் குட்டையானதை, குட்டையானவை பல இருந்தால் அகரவரிசையில் முதலாவதை எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டகோலூ பயன்படுத்தும் குறியீடும் இந்த வழியில்தான் அமைகிறது. ஐந்து கட்ட உயரப் பட்டையில் ஒரு பத்திக்கு ஓர் எழுத்து, 32 சாத்தியங்கள். செங்குத்தான மூன்று உயிர்கள் என்றால் 7. ஆகவே பிளிங்க்கரின் குறியீடு எக்ஸ்பி2_7. முன்னால் உள்ள 2 அலைவுக்காலம். இந்தக் குறியீட்டைத் தந்துவிட்டால் கிடைத்தது ஏற்கெனவே தெரிந்த உருவமா என்று பட்டியலில் பார்த்துவிடலாம்.

நிரல் முழுதானதும் சூப்புகளைத் தொடர்ந்து ஓடவிட்டேன். சாதாரண சூப்பில் பிளிங்க்கர்தான் எங்கும். அடுத்து டோட், பீக்கன், அப்புறம் பல்சர். மற்றவை வெகு அபூர்வம். அதனால் சமச்சீர் சூப்புக்கு மாறினேன். நடுவில் ஒரு கட்டத்தை வைத்து, 7க்கு 8 செவ்வகம் ஒன்றைத் தாறுமாறாக நிரப்பி, அதைக் கால் சுற்றுகளாக நான்கு முறை திருப்பி ஒட்டினால் 15க்கு 15 சூப் கிடைக்கும். விதிக்குத் திசை பேதம் கிடையாது, ஆகவே தொடக்கத்தில் உள்ள சமச்சீர் கடைசிவரை நிலைக்கும். மையம் கட்டத்தின் மேல் விழுகிறதா, நான்கு கட்டங்கள் சேரும் மூலையில் விழுகிறதா என்பது முக்கியம். கோக்கின் கேலக்ஸியின் பிரபலமான நிலை 9க்கு 9, மையம் ஒரு கட்டம். மூலையை மையமாக வைத்த சூப்பின் நடுவில் அது வரவே முடியாது.

கட்டத்தை மையமாக வைத்த சூப்புகளில் அது வந்தது. யான் கோக் 1971இல் கண்டுபிடித்த உருவம், அலைவுக்காலம் 8, நான்கு தடித்த பட்டைகள் சுழல்வதுபோல் துடிக்கும். இதற்குச் சுழற்சிச் சமச்சீர் உண்டு, கண்ணாடிச் சமச்சீர் இல்லை. இடப்பக்கம் சுழல்வதும் வலப்பக்கம் சுழல்வதும் தனித்தனியாக அகப்படும். எட்டு விதமாகப் புரட்டும் வேலை இங்கே பலன் தந்தது, இரண்டுக்கும் ஒரே குறியீடு விழுந்தது.

பிறகு விதியை மாற்றிப் பார்த்தேன். ஹைலைஃப் என்ற பி36/எஸ்23 விதியில் 6 அண்டைகள் இருந்தாலும் பிறப்பு உண்டு, மற்றபடி எல்லாம் அதேதான். நிரலில் ஒரு எண்ணைச் சேர்த்தால் போதும். பிளிங்க்கர், டோட், பீக்கன் மூன்றும் அப்படியே துடிக்கின்றன, ஏனென்றால் அவற்றின் எந்த நிலையிலும் 6 அண்டைகள் கொண்ட காலிக் கட்டம் இல்லை. பல்சரைக் கொடுத்தேன். நேருக்கு நேர் நிற்கும் கோடுகளுக்கு நடுவே காலியாக இருந்த நான்கு கட்டங்களிலும் அடுத்த தலைமுறையிலேயே உயிர் பிறந்து, பல்சர் உடைந்தது.